புழக்கடைக் கோழியின் நடத்தையும் மனையின் அமைப்பும்: அண்ணனூரை முன்வைத்து ஓர் ஆய்வு

நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே, சிறுவயது முதலே தாம் பழகிய கோழிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, எது எதைக் கொத்துகிறது, எது எதற்கு வழிவிடுகிறது என்று பல ஆண்டுகள் குறித்துவைத்து, 1922இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வே கோழிகளின் சமூக வாழ்வைப் பற்றிய அறிவியலுக்கு அடிப்படையாயிற்று. ஒரு கூட்டத்துக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று பறவைகளிடையே நிலைபெறும் இந்தப் படிநிலையைக் ‘கொத்துவரிசை’ எனலாம். அதைக் கண்டறியத் தேவைப்பட்டவை ஒரு முற்றமும், கோழிகளைத் தனித்தனியாக அறிந்த ஒரு கண்ணும் மட்டுமே. திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையில், மின்தொடர் வண்டிப் பணிமனையை ஒட்டி வளர்ந்த அண்ணனூரில், நான்கைந்து சிறுவிடைக் கோழிகளைப் புழக்கடையில் விட்டு வளர்ப்போருக்கு அந்தக் கண் ஏற்கெனவே உண்டு. ஆயினும் அங்கே காணப்படும் நடத்தையைக் கோழியின் குணமாக மட்டும் கொள்ளாமல், கோழிக்கும் அது வாழும் மனைக்கும் இடையிலான உறவாகப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குக் கொத்துதலே முதற்சான்று. வளர்ப்போர் ‘இது கொத்துகிற கோழி’ என்று ஒரே சொல்லால் குறிக்கும் செயல், உண்மையில் இரு வேறு செயல்களாகும். கொண்டையையும் தலையையும் குறிவைத்து மேலிருந்து சட்டென்று விழும் கொத்து, வரிசையில் தன் இடத்தை நாட்டுவது. வெளியிலிருந்து ஒரு வெடைக்கோழியைக் கொண்டுவந்து விட்டால் இத்தகைய கொத்து பெருகும். ஒவ்வொரு பழைய கோழிக்கும் புதியதற்கும் இடையில் முடிவு ஏற்பட்டதும், தலையைத் தாழ்த்தும் ஓர் அசைவே போதுமானதாகிச் சண்டை அடங்கும். எனவே வரிசை என்பது, கொடுமையைப் போலத் தோன்றினும், சண்டையைக் குறைக்கும் ஏற்பாடே. மாறாக, முதுகிலும் வால்மூட்டிலும் உள்ள இறகுகளை நிதானமாகப் பற்றி இழுக்கும் கொத்துக்குப் பகைமையோடு தொடர்பு குறைவு. தரையைக் கிளறி இரை தேடும் உந்துதல், கிளறுவதற்கு மண் இல்லாதபோது, பக்கத்துப் பறவையின் இறகின்மேல் திரும்புகிறது என்பதே ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். புறநகர் மனைகளில் சுற்றுச்சுவர் எழுப்பியபின் வாசல் முதல் கிணற்றடி வரை சிமென்ட் பூசிவிடும் வழக்கம் பரவியுள்ள நிலையில், இரண்டாம் வகைக் கொத்தைக் கோழியின் குற்றமாகக் கொண்டு அதை விற்றுவிடுவதோ அறுத்துவிடுவதோ தவறான முடிவாகும். முருங்கை மரத்தடியில் சிமென்ட் இல்லாத ஒரு துண்டு நிலமும் அதில் பரப்பிய வைக்கோலும் அந்த வீட்டில் முதலில் செய்து பார்க்க வேண்டியவை. புழுதிக் குளியலுக்கும் அதே நிலம் வேண்டும். இறகில் மிகும் எண்ணெய்ப்பசையை நீக்கும் அச்செயலை, மண் கிடைக்காத கூண்டுக்கோழிகள் வெறுந்தரையிலும் நடித்துக் காட்டுகின்றன என்பது அந்த உந்துதல் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

அடை கிடத்தலிலும் இத்தகைய பிழையான வாசிப்பு உண்டு. நாமக்கல் பண்ணைகளில் வளர்க்கப்படும் முட்டைக்கோழிகளிடம் அடையுணர்வு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து நீக்கப்பட்டுவிட்டது. சிறுவிடையிடம் அது முழுமையாக இருக்கிறது. முட்டையின் தொடுகை வயிற்றுத் தோலில் படப்பட, புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் உயர்நிலையில் நீடித்து, 21 நாள் கோழியை அசையாது இருத்துகிறது. முட்டை நின்றுவிட்டதே என்று அதைத் தண்ணீரில் முக்கியும் மூக்கில் இறகு செருகியும் அடை தெளிவிக்கும் வழக்கம் வலி மிக்கது; கூட்டையும் முட்டையையும் அகற்றிக் காற்றோட்டமான இடத்தில் சில நாள் விட்டாலே சுரப்பு தணிந்துவிடும்.

எச்சரிக்கைக் குரல்கள் பற்றிய அறிவில் தமிழ் மரபு மிகத் தொன்மையானது. குறுந்தொகை 139ஆம் பாடலில், வேலியோரம் காட்டுப்பூனை வந்த மாலைப்பொழுதில் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுப்பேட்டை ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறார். அந்தக் குரலை ஊரார் தூற்றும் பழிச்சொல்லுக்கு உவமையாக்குவதால், உரத்து ஒலிப்பதே அங்கு உவமையின் உயிர். 1980களிலும் 90களிலும் பீட்டர் மார்லர், கிறிஸ்டோபர் எவன்ஸ் முதலியோர் செய்த சோதனைகள், தரைப்பகைக்குக் கோழிகள் விட்டுவிட்டு உரக்க ஒலிக்கும் குரலையும், வானில் வரும் பகைக்கு மெல்லிய நீண்ட குரலையும் எழுப்புவதையும், கேட்ட பறவைகள் முதலாவதற்கு நிமிர்ந்து சுற்றிப் பார்ப்பதையும் இரண்டாவதற்கு மறைவிடம் ஓடுவதையும் பதுங்குவதையும் நிறுவின. பூனைக்கு உரிய குரலைப் பூனையோடு பொருத்தியிருப்பதால், அப்பாடலுக்குப் பின்னால் ஒரு முற்றத்தின் நேரடிக் கவனிப்பு இருந்திருக்க வேண்டும் என்று கொள்ள இடமுண்டு. அண்ணனூரில் காட்டுப்பூனையின் இடத்தைத் தெருநாயும் கீரியும் பிடித்திருக்க, வானிலிருந்து வல்லூறும் பருந்தும் வருகின்றன. ஆனால் மறைவிடம் ஓடச் சொல்லும் குரலைக் கேட்கும் குஞ்சுக்குப் புதர் எதுவும் இல்லாத சிமென்ட் முற்றத்தில் ஓட இடமில்லை. கவிழ்த்துவைக்கும் பஞ்சாரத்தை ஒருபுறம் கல்வைத்துச் சற்றுத் தூக்கிவைப்பது இங்கே புதரின் வேலையைச் செய்யும்.

கூவுதலே கடைசியாகக் கருதத்தக்கது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முரா, யோஷிமுரா ஆகியோர் 2013இல், ஒளியே மாறாத அறையிலும் சேவல் தன் உடலுக்குள் இயங்கும் நாட்கடிகாரத்தின்படி கூவுவதைக் காட்டினர். ஒளியும் பிற சேவலின் குரலும் அதைத் தூண்டும் எனினும், விடியலை ஒட்டிய வேளையில்தான் அத்தூண்டல் வலுவாகப் பலிக்கிறது. தெருவிளக்கின்மேலோ முதல் மின்தொடர் வண்டியின் ஒலியின்மேலோ மட்டும் பழிபோடும் விளக்கம் இதனால் போதாததாகிறது. ஒரே கூட்டத்தில் தலைமைச் சேவலே முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி தொடரும் என்று 2015இல் அக்குழு மேலும் நிறுவியது. ஆனால் இம்முடிவை ஒரு தெருவுக்கு அப்படியே பொருத்த இயலாது. அண்ணனூரின் தெருக்களில் சுவருக்கு இருபுறமும் வளரும் சேவல்கள் ஒன்றன் குரலை ஒன்று நாள்தோறும் கேட்டாலும், நேருக்கு நேர் மோதித் தம் இடத்தைத் தீர்த்துக்கொண்டவை அல்ல. அவற்றின் கூவல் வரிசையைக் கணிக்க விரும்புவோர், ஒவ்வொரு வீட்டுச் சேவலையும் குரலால் பிரித்தறிந்து, விடியலுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே எது முந்தியது என்று குறித்துவர வேண்டும்.