குளத்தின் எல்லையை வகுப்பது யார்? நொய்யல் குளக்கரை நிலங்களின் நூற்றாண்டு வழக்கு

கோவையின் மதுக்கரை வட்டாரத்துக் குறிச்சிக் குளமும் வெள்ளலூர்க் குளமும் நொய்யல் ஆற்றில் இருந்து நீர் பெறுபவை. ஆற்றின் குறுக்கே இரண்டுக்கும் தனித்தனி அணைக்கட்டும் ராஜவாய்க்காலும் உண்டு. பாசனம் நடந்த காலத்தில் குளம் எதுவரை என்பதை உபரிநீர் வழியும் கலிங்கின் மட்டமே சொன்னது. நல்ல மழை ஆண்டில் நீர் ஏறும், வறண்ட ஆண்டில் இறங்கும். விளிம்பு நிலம் ஒருநாள் குளம், இன்னொருநாள் மேய்ச்சல் தரை.

பிரிட்டிஷ் ஆட்சியின் ரயத்துவாரி நில அளவைக்கு இந்த நெகிழ்ச்சி ஒத்துவரவில்லை. அது புல எண் கொடுத்தது, கல் நட்டது, குளத்தைப் புறம்போக்கு என்று எழுதிவைத்தது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் யாவும் அரசின் சொத்து என்று அறிவித்தது. ஆனால் அதே சட்டத்தில்தான் வில்லங்கத்தின் விதையும் இருக்கிறது. ஆக்கிரமித்தவரை வெளியேற்றலாம், தீர்வையும் தண்டமும் விதித்து வசூலிக்கவும் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் 'பி மெமோ' என்ற ஆக்கிரமிப்புக் குறிப்பு இப்படி வந்ததுதான். வெளியேற்றம் தள்ளிப்போக, வசூல் மட்டும் தொடர்ந்த இடங்களில் பணம் கட்டிய ரசீதுகளை மக்கள் உரிமை ஆவணமாகவே பாதுகாத்தார்கள். தண்டம் கட்டியதற்கான சான்று உரிமைக்கான சான்று ஆகாது என்று சட்டம் சொல்லும். இரண்டு தலைமுறை வரிசையாகக் கட்டியவரிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது வேறு விஷயம்.

அடுத்து வந்தது திட்டமிடலின் கோடு. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம், 1971இல் நகர் ஊரமைப்புச் சட்டம், 1994இல் கோவையின் மாஸ்டர் பிளான். குடியிருப்பு, தொழில், விவசாயம் என்று நிலப்பயன் வண்ணங்களில் பிரிக்கப்பட்டது. குறிச்சியில் சிட்கோ தொழிற்பேட்டை எழுந்தது, வயல்கள் மனைகளாயின. பாசனத்துக்கு ஆள் குறைந்ததும் கலிங்கு மட்டத்தைக் கவனிக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. ஆக, ஒரே குளத்துக்கு நீரின் கோடு, வருவாய்த்துறையின் கோடு, திட்டக் குழுமத்தின் கோடு என மூன்று எல்லைகள். வழக்குகள் பெரும்பாலும் இவற்றின் இடைவெளியில்தான் பிறக்கின்றன.

நீதிமன்றங்கள் இந்த நூற்றாண்டில்தான் கடுமை காட்டின. 2001இல் உச்ச நீதிமன்றம் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் குளத்தை வீட்டுமனையாக ஒதுக்கியது செல்லாது என்றது. 2005இல் எல்.கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்பை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. 2007இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டம் சொல்லும் பொதுப்பணித்துறைக் குளங்களுக்கு மட்டுந்தானா பாதுகாப்பு என்ற கேள்விக்கு, மற்ற நீர்நிலைகளுக்கும் உண்டு எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015இல் விடை சொன்னது. அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்திய 2017ஆம் ஆண்டின் விதிகளும் நீர்நிலை மனைகளை விலக்கிவைத்தன.

குளக்கரைக்கு வெளியே கட்டடமின்றி எவ்வளவு தூரம் விடவேண்டும் என்பதில் இன்னும் தெளிவில்லை. கடற்கரைக்கு 1991 முதலே உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் என்ற ஒழுங்காற்று மண்டலம் இருக்கிறது. பெங்களூரு ஏரிகளுக்கு 75 மீட்டர் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் விதித்ததை 2019இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் நீர்நிலையை ஒட்டிய மனைகளில் 15 மீட்டர்வரை இடம்விடச் சொல்ல அதிகாரிக்கு இடமளிக்கின்றன. அதிகாரியின் விருப்பத்தை நம்பியிருக்கும் எல்லையை எல்லை என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான்.

கோவை 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தபின் குளக்கரைகள் அழகுபெற்றன. குறிச்சிக் குளத்தில் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. நகரக் குளக்கரைகளில் குடிசை போட்டிருந்தவர்கள் மதுக்கரை ஒன்றியத்து மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். அதேவேளை நகரின் வாலாங்குளத்தை ஊடறுக்கும் சுங்கம்–உக்கடம் புறவழிச்சாலை அப்படியே இருக்கிறது. சட்டம் ஒன்றுதான், ஆனால் கூரை வேய்ந்த ஆக்கிரமிப்பு ஒருவிதமாகவும் தார் போட்ட ஆக்கிரமிப்பு வேறுவிதமாகவும் அளக்கப்படுகிறது.

முழுக் கொள்ளளவு மட்டத்தையும் வரத்து வாய்க்கால்களையும் ஒன்றாக அளந்து, அந்த ஒரே கோட்டை வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டிலும் மாஸ்டர் பிளானிலும் ஏற்றாதவரை இவ்வழக்குகள் தீரா. அந்த அளவை அரசுக் கட்டுமானங்களில் இருந்தே தொடங்க வேண்டும்.