அழைத்தவர் யார்? மாணவர் மாநாட்டு மரபும் கொல்லிமலையும்

இளைஞர் மாநாடுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எத்தனை நாடுகள் வந்தன, எத்தனை பேர் கூடினர் என்று எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். அழைத்தது யார், செலவை ஏற்றது யார் என்று கேட்டால் அதே வரலாறு வேறு முகம் காட்டும். தமிழ் நிலத்துக்கு இந்த மரபு வந்த வழியை அந்த இரு கேள்விகளோடு தொடர்ந்து, அது இன்னும் சரியாக எட்டாத நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை வரை சென்று பார்க்கிறது இக்கட்டுரை.

தொடக்கம் அமெரிக்காவில். 1886 கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மவுன்ட் ஹெர்மனில் 251 கல்லூரி மாணவர்கள் கூடினர். கூட்டத்துக்கு அழைத்தவர் டி.எல். மூடி என்ற பிரசங்கியார். ஆனால் அங்கே நூறு பேரை வெளிநாட்டுப் பணிக்கு உறுதிமொழி எடுக்க வைத்ததில் பெரும்பங்கு, கோலாப்பூரில் பிறந்த ராபர்ட் வைல்டருக்கும் அவருடைய தோழர்களுக்கும் உரியது. அந்த அலையில் எழுந்து வந்த ஜான் மாட் 1895இல் சுவீடனின் வாட்ஸ்டெனா கோட்டையில் உலக மாணவர் கிறித்தவப் பேரவை உருவாக முன்னின்றார். கையோடு உலகப் பயணம் புறப்பட்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து மாணவர் மாநாடுகளை நடத்தினார். தமிழர்களுக்கு அது முற்றிலும் புதிதல்ல. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884லேயே மாணவர் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கியிருந்தது. ஆசியாவின் முதல் மாணவர் கிளை என்று அதைச் சொல்வது வழக்கம்.

இந்தக் கட்டம் வரை அழைப்பும் பணமும் வெளியிலிருந்தே வந்தன. முதல் விரிசலைத் திருநெல்வேலிச் சீமையில் காண்கிறோம். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலராக மாணவர்களிடையே ஊர் ஊராகச் சுற்றியவர். 1902இல் யாழ்ப்பாணம் போனவர், அங்கே தமிழ்க் கிறித்தவர்கள் சொந்தப் பணத்தில் பணியாளர்களை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் உள்ளூருடையவை. 1907இல் டோக்கியோவில் உலக மாணவர் பேரவை கூடியபோது அசரியாவும் போனார். 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளையர் தங்களை நண்பர்களாக நடத்துவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதும் இவரே. அந்தத் துணிச்சலுக்கு அவரது பேச்சுத் திறமையை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது. சொந்தக் காசில் ஒரு சங்கத்தை நடத்திப் பார்த்த அனுபவம் பின்னால் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அழைப்பு முழுமையாகத் திசை மாறியது 1924 டிசம்பரில். ஹன்டி பேரின்பநாயகமும் அவரைச் சேர்ந்தவர்களும் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸைத் தொடங்கினர். பின்னாளில் அது வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள் என்பதால் முழுக்க மாணவர் அமைப்பு என்று சொல்வது மிகை. ஆனாலும் ஆண்டு மாநாட்டுக்கு யாரைக் கூப்பிடுவது, எதைத் தீர்மானமாக்குவது, எந்த மொழியில் பேசுவது என்பதையெல்லாம் அந்த இளைஞர்களே முடிவு செய்தார்கள். சாதி வேறுபாட்டுக்கு எதிராகத் தீர்மானம் போட்டதோடு விடவில்லை; சமபந்தி போஜனமும் நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தின் அன்றைய வைதிகச் சூழலில் பந்தியில் உட்காருவது தீர்மானத்துக்குக் கை தூக்குவதைவிடக் கடினமான காரியம்.

1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது இந்த மாணவர்களின் அழைப்பில்தான். கதர் நிதிக்குப் பணம் திரட்ட வந்தவருக்கு வரவேற்பும் கூட்டங்களும் ஏற்பாடு செய்தவர்கள் அவர்களே. 1931இல் நேருவும் வந்தார். அதே ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, சட்டசபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தனர். வட மாகாணத்தில் நான்கு இடங்கள் காலியாகக் கிடந்தன. 1934இல் இடைத்தேர்தல் வந்தபோது ஜி.ஜி. பொன்னம்பலம் போன்றோர் உள்ளே போனார்கள். இளைஞர்கள் கனவு கண்ட இலங்கைத் தேசியம் ஓரம் போயிற்று. புறக்கணிப்பு தவறா சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தத் தவறு, தவறாகவே இருந்தாலும், அவர்களுடைய சொந்தத் தவறு. வெளியார் ஊட்டி வளர்த்த எந்த மாணவர் அமைப்புக்கும் அப்படியொரு தவறு செய்யும் உரிமை கிடைத்ததில்லை.

இதே காலத்தில் கொல்லிமலையில் நடந்தது வேறு. 1913இல் திருமணம் முடித்த கையோடு ஆங்கிலேய மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லினும் அங்கே வாழவந்தியில் குடியேறினர். காய்ச்சலுக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இளைஞர்களுக்குத் தச்சு வேலை என்று உழைத்தார்கள். 1929இல் காய்ச்சலே ஜெஸ்ஸியைக் கொண்டு போயிற்று. எவ்லின் ஓய்வு வயதுக்குப் பிறகும் மலை மலையாக ஏறி இறங்கி, 1974இல் இறந்தார். அவர்களுடைய மகன் பால் 1914இல் இந்த மலையில் பிறந்தவர். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, முதலில் கட்டடத் தொழிலும் தச்சும் பழகி, பிறகு மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி இயக்கம் கொடுத்தார். கொல்லிமலையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற இளைஞர் யாரென்று கேட்டால், பதில் அந்த வெள்ளைக்காரத் தம்பதியின் மகன். அவர்கள் தொண்டைக் குறை சொல்லவில்லை. வாழவந்திப் பள்ளியில் படித்த, மலையாளி எனப்படும் மலைப் பழங்குடிப் பிள்ளைகளின் பெயர்கள் அப்படிப் பரவவில்லை என்பதைத்தான் குறிக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். உலக மாணவர் மேடைகள் பனிப்போரில் இரண்டாகப் பிளந்தன. அமெரிக்க தேசிய மாணவர் சங்கத்துக்குச் சி.ஐ.ஏ. பணம் கொடுத்து வந்ததை 1967இல் ராம்பார்ட்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. செலவை ஏற்றது யார் என்ற கேள்விக்கு இதைவிடக் கசப்பான பதில் வேண்டியதில்லை. இந்தியாவில் 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. சமவெளிக் கல்லூரி மாணவர்கள் முகாம் என்று கிராமங்களுக்கும் மலைகளுக்கும் போனார்கள், பாதை போட்டார்கள், மரம் நட்டார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். மலைப் பிள்ளைகள் அங்கேயும் பார்வையாளர்களே.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைக்கு வந்தபோது நிலம் மாறிக்கொண்டிருந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு சாமையையும் தினையையும் தள்ளிவிட்டது. விலை மட்டுமே காரணம் அல்ல. சாமையின் உமி லேசில் கழலாது. ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் உரலில் நெடுநேரம் இடிக்க வேண்டும். ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையைக் கீழே வைத்ததில் வியப்பென்ன? அரவை இயந்திரத்தை மகளிர் குழுக்களின் கையில் கொடுத்தது அதனால்தான் முக்கியமானது. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் தொம்பை என்ற தானியக் குதிரில் காத்தவர்களின் அறிவு, விதை வங்கிக் கணக்கிலும் சந்தைப் பொட்டலத்திலும் ஏறியது. பின்னர் வேளாண் பல்லுயிர்ப் பாதுகாவலர்களின் கூட்டமைப்பும் உருவானது. கூட்டம் கூட்டவும் கணக்கு எழுதவும் விலை பேசவும் மலைமக்களே முன்வந்த இடம் அது. அவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள். இளைஞர்களோ திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

இப்போது பருவநிலைக்கும் பல்லுயிருக்கும் தனித்தனி இளைஞர் மாநாடுகள் உண்டு. ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்கு முன்பாக இளைஞர் மாநாடு கூடுவது 2005 மான்ட்ரியலில் தொடங்கிய வழக்கம். பல்லுயிர் உடன்படிக்கை நாடுகளின் 11ஆவது கூட்டம் 2012இல் ஐதராபாத்திலேயே நடந்தது. பதிவுக் கட்டணம், விமானச் செலவு, விசா, ஆங்கிலம் என்ற நான்கு வாசல்களையும் தாண்டியவர்தான் இம்மேடைகளில் இளம் தலைவர். சாமை ரகத்தை நாற்றிலேயே அடையாளம் சொல்லக்கூடிய செம்மேட்டுப் பெண் முதல் வாசலிலேயே நின்றுவிடுவாள். அவளுக்கு ஒரு பயண உதவித்தொகை கொடுத்து அழைத்துப்போவது நல்ல காரியம். ஆனால் அப்போதும் அவள் விருந்தாளிதான்.

அழைக்கும் பழக்கம் மலையில் இல்லாமல் இல்லை. ஊர்க்கவுண்டர் கூட்டும் பஞ்சாயத்தில் பெரியவர்கள் பேசுவார்கள், இளையவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இதை மாற்றக்கூடிய ஒரு ஏற்பாட்டை அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் தந்தது. சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும். ஊராட்சிக்கு 21 போதும். கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று பழைய நாட்டுப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. அவற்றில் தலைவராகும் 21 வயதுப் பெண்ணுக்குக் கிராம சபையைக் கூட்டவும், கலெக்டர் அலுவலக அதிகாரிகளைத் தன் ஊருக்கு வரவழைத்துப் பதில் கேட்கவும் இடமுண்டு. ஆனால் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. குறித்த காலத்தில் தேர்தல் நடக்காததால் ஊராட்சிகளின் பொறுப்பு தனி அலுவலர்களின் கைக்குப் போனது.