அஞ்சல் செய்யும் கருவி

டில்லியானாலும் மும்பையானாலும் கொல்கத்தாவானாலும், நாம் வாழும் இல்லங்களில் 'டக்' என்னும் ஓர் ஒலி அடிக்கடி கேட்கின்றது. மின்சாரம் நின்று இன்வர்ட்டர் பொறுப்பேற்கும்போதும், மின்னழுத்தம் தாழ்ந்து ஸ்டெபிலைசர் தன்னைச் சரிசெய்துகொள்ளும்போதும் எழும் ஒலி அது. அதனை எழுப்பும் சிறு கருவிக்கு ரிலே என்று பெயர். ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உடைய அக்கருவியைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

முதலில் பெயரைக் கவனிப்போம். நெடுவழியில் களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் பூட்டுவதற்காக ஆங்காங்கே நிறுத்திவைத்த புதுக் குதிரைகளைப் பிரெஞ்சு மொழியில் இச்சொல் குறித்தது. தமிழில் இக்கருத்துக்கு 'அஞ்சல்' என்னும் சொல் அழகாகப் பொருந்துகின்றது. அஞ்சல் ஓட்டம் என்கிறோம்; ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை அஞ்சல் செய்தல் என்கிறோம். மின் ரிலேயின் தொழிலும் இத்தகையதே. மெலிந்து வரும் மின்னோட்டத்தின் கட்டளையை அது வாங்குகின்றது; வாங்கி, அருகிலுள்ள வேறொரு மின்கலத்தின் புது வலிமையிடம் ஒப்படைக்கின்றது.

இதனைச் செய்து காட்டிய முன்னோடி ஜோசப் ஹென்றி என்னும் அமெரிக்க அறிஞர். ஆல்பனி நகரில் ஆசிரியராயிருந்த அவர், இரும்பின்மேல் உறையிட்ட கம்பியைப் பலமுறை சுற்றி ஆற்றல்மிக்க மின்காந்தங்களை அமைத்தார். 1832-இல் அவர் ஒரு விந்தையை எடுத்துரைத்தார். நீண்ட கம்பிச்சுருளை மின்கலத்தினின்று துண்டிக்கும் கணத்தில் பளிச்சென்று ஒரு பொறி பறக்கின்றது. குறுகிய கம்பியில் அவ்வாறு பறப்பதில்லை. சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் திடீரென நிற்க இசையாமையே காரணம். இதனைத் தன்மின்தூண்டல் என்பர்.

பின்னர் அவர் பிரின்ஸ்டன் நகரக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே 1835-ஆம் ஆண்டளவில், நெடுந்தொலைவுக் கம்பியில் வந்த மெல்லிய மின்னோட்டத்தால் ஒரு சிறு காந்தத்தை இயக்கினார். அச்சிறு காந்தம் பெரிய காந்தமொன்றின் மின்சுற்றைத் துண்டித்தது. பெரிய காந்தம் தாங்கியிருந்த பளு தடாலென விழுந்தது. ரிலேயின் தத்துவம் முழுவதும் அந்த வகுப்பறைச் சோதனையில் அடங்கியிருந்தது.

1844-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸ் தந்தி அனுப்பினார். தந்திக் கம்பிகள் நாடெங்கும் நீண்டபோது, கம்பியின் தடையால் மெலிந்த செய்தியை இடையிடையே ரிலேக்கள் புதுப்பித்து அனுப்பின. ஊரிலிருந்து வந்த நல்ல செய்தியும் துயரச் செய்தியும் தந்தியாகவே கைக்கு எட்டிய காலத்தை நம்மில் மூத்தோர் மறக்கமாட்டார்கள். நம் நாட்டில் அச்சேவை 2013 ஜூலையில் நிறைவெய்தியது. ரிலே ஓயவில்லை.

அது கணிதத்துக்கும் உதவியது. இணைவது, பிரிவது என்னும் இரு நிலைகளைக் கொண்டே தருக்கக் கணக்குகளைச் செய்யலாம் என்று 1937-இல் கிளாட் ஷானன் தம் ஆய்வேட்டில் நிறுவினார். ரிலேக்களால் கணிப்பொறிகளும் எழுந்தன. 1947 செப்டம்பரில் ஹார்வர்டில் அத்தகைய பொறி ஒன்று பழுதுற்றபோது, ரிலேயின் தொடுமுனைகளுக்கிடையே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டனர். அதே ஆண்டு டிசம்பரில், அசையும் உறுப்பே இல்லாத டிரான்சிஸ்டர் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நம் நாட்டில் அப்பெயர் வானொலிப் பெட்டிக்கே பெயராகிவிட்டது.

டிரான்சிஸ்டர் வந்தபின் ரிலே எதற்கு என்று கேட்கலாம். இன்று மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு எண்ணற்ற பொறிகளை ஆள்கின்றது. ஆயினும் அதன் ஒரு முனை தரக்கூடியது பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியர் அளவே. 5 வோல்ட் ரிலேயின் சுருளோ 70 மில்லி ஆம்பியர் வரை கேட்கின்றது. நேராக இணைத்தால் சில்லு கெடும். ஆகவே இடையில் ஒரு டிரான்சிஸ்டரை வைக்கின்றனர். 1000 ஓம் தடையின் வழியே அதன் அடிவாய்க்கு 4 மில்லி ஆம்பியர் சென்றால் போதும். ஏற்பான் வழியே சுருளுக்கு வேண்டிய மின்னோட்டம் பாய்கின்றது. சுருள் இரும்பை இழுக்க, தொடுமுனைகள் கூட, 230 வோல்ட் விளக்கு எரிகின்றது. சில்லுக்கும் விளக்குக்கும் இடையே மின்தொடர்பு ஏதுமில்லை. ரிலேயின் சிறப்பே அதுதான்.

ஆனால் மின்னோட்டத்தை நிறுத்தும் கணத்தில், ஹென்றி கண்ட பொறி மீண்டும் தலைதூக்குகின்றது. 5 வோல்ட்டில் இயங்கிய சுருள் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தைத் தோற்றுவித்து டிரான்சிஸ்டரைப் பழுதாக்கக்கூடும். ஹென்றி அமைத்த கருவியை ஹென்றி கண்ட இயல்பே தாக்குகின்றது! இதற்குக் காப்பு, சுருளின் குறுக்கே கோடிட்ட முனை நேர்மின் பக்கம் இருக்குமாறு இணைக்கப்படும் ஒரு டயோடு. சுருளின் எஞ்சிய மின்னோட்டம் அதன் வழியே சுற்றி அடங்கிவிடுகின்றது.

சில ரூபாய் விலையுள்ள அச்சிறு உறுப்பை விட்டுவிடும் மாணவர் உளர். நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய சுற்றொன்றை அமைத்துக் காட்டினால், பாராட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: டயோடு இணைத்தாயிற்றா? 230 வோல்ட் பக்கத்தை விவரமறிந்த பெரியவர் ஒருவர் பார்த்தாரா? அவ்விரண்டுக்கும் விடை கிடைத்தபின் அந்த 'டக்' ஒலியை நாமும் உடனிருந்து கேட்கலாம்.