புதிய கணினியும் புதுப்பிக்கும் கட்டாயமும்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பாடம் வீடு தேடி வந்தது. அதுவரை கணினி என்ற பொருளே இல்லாதிருந்த தோட்ட வீடுகளில், சேர்த்து வைத்த பணத்தையும் சீட்டுப் பணத்தையும் எடுத்துப் பட்டணத்துக் கடையில் மலிவாகக் கிடைத்த மடிக்கணினியை வாங்கி வந்தவர்கள் உண்டு. வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தால், புத்தம் புதுக் கணினி ஆமை போல் நகர்கிறது. எழுத்தைத் தட்டினால் சற்று நேரம் கழித்துத்தான் திரையில் தெரிகிறது. ஆசிரியர் பாடத்தைத் தொடங்கும் நேரத்தில், 'புதுப்பிப்பு நடைபெறுகிறது, அணைக்க வேண்டாம்' என்று திரை நீல நிறமாகி நின்று விடுகிறது. பிள்ளைக்குக் கணினியைக் கையாளத் தெரியவில்லை என்று ஏசியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் மேல் பிழை இல்லை. இதற்குப் பின்னால் ஏறத்தாழ முப்பதாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், இயங்குதளம் என்பது என்ன? தோட்டத்தில் மரமும் கத்தியும் வாளியும் இருந்தால் மட்டும் பால் கொட்டகைக்கு வந்து சேர்ந்து விடாது. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுத்து, வேலையை நடத்த ஒருவர் வேண்டும். கணினிக்குள் அந்த மண்டோர் வேலையைச் செய்வதுதான் இயங்குதளம். எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம், எது முன், எது பின் என்று பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. உலகில் பெரும்பாலான மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இந்த வேலையைச் செய்து வருவது, அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஆக்கிய விண்டோஸ்.

ஆனால் இந்த மண்டோருக்கும் சோறு போட வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, அது ஓடக் குறைந்தது 4 மெகாபைட் நினைவகம் போதும் என்றார்கள். 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி 64 மெகாபைட் கேட்டது. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டா 512 மெகாபைட் கேட்டது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிகாபைட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரம் மடங்குக்கு மேல்! குறைந்த அளவு என்று அவர்கள் சொல்வது, கணினி உயிரோடு இருப்பதற்கான அளவுதான். ஓடியாடி வேலை செய்வதற்கு அது காணாது.

சில்லுகள் ஆண்டுக்காண்டு வேகமாகித்தான் வந்தன. ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று கோர்டன் மூர் 1975இல் கணித்தது நெடுங்காலம் பலித்தது. அப்படியானால் அந்த வேகமெல்லாம் எங்கே போயிற்று? சுவிட்சர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே இதைக் கேட்டார். பாஸ்கல் என்ற கணினி மொழியை உருவாக்கியவர் அவர். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகி வருகிறது என்று எழுதி, கொழுப்பில்லாத மென்பொருள் வேண்டும் என்று வாதாடினார். சம்பளம் ஐந்து வெள்ளி கூடினால் அரிசி விலை ஆறு வெள்ளி கூடுகிற கதைதான் இது. நமக்குப் புதிய கதையன்று.

இனி, விஸ்டாவின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மந்தமான புதுக் கணினி மக்கள் கையில் எப்படி வந்து சேருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

விஸ்டா 2006ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன்னரே வந்திருக்க வேண்டியது. தாமதமாயிற்று. புதியது வரட்டும் என்று மக்கள் காத்திருந்தால் கடையில் இருக்கும் கணினிகள் தேங்கிப் போகும். ஆகவே 2006இல், எக்ஸ்பியோடு விற்ற கணினிகளின் மேல் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்னும் பொருள்பட ஒரு சீட்டு ஒட்டினார்கள். சீட்டை நம்பி மக்கள் வாங்கினார்கள். பிறகு பார்த்தால், அவற்றுள் பலவற்றில் விஸ்டாவின் மிக எளிய பதிப்பு மட்டுமே ஓடியது. விளம்பரங்களில் காட்டிய கண்ணாடி போன்ற அழகிய திரைத் தோற்றம் அவற்றில் வரவில்லை.

2007இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவ்வழக்கில் 2008இல் அந்நிறுவனத்தின் உள்கடிதங்கள் வெளியாயின. இன்டெல் நிறுவனத்தின் பழைய வரைவியல் சில்லு ஒன்றும் தேர்ச்சி பெறட்டும் என்பதற்காகச் சீட்டுக்குரிய நிபந்தனையைத் தளர்த்தியது குறித்த பேச்சு அவற்றில் இருந்தது. மைக்ரோசாப்டின் உயரதிகாரி ஒருவரே, தாம் 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி இப்போது மின்னஞ்சல் பார்க்கத்தான் உதவுகிறது என்று சக அதிகாரிகளுக்கு எழுதிய கடிதமும் அவற்றுள் ஒன்று. விற்பவர் வீட்டிலேயே இந்த நிலை என்றால், மலிவுக் கணினி வாங்கியவர் நிலையை நாம் சொல்லவும் வேண்டுமா? ஆயினும் 2009இல் நீதிபதி, எல்லாரும் சேர்ந்து ஒரே வழக்காக நடத்தும் தகுதியை நீக்கிவிட்டார். தனித்தனியே வழக்காட யாருக்கு முடியும்? அத்துடன் அது அடங்கியது.

இதே காலத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2007 இறுதியில் ஆசூஸ் நிறுவனம் சிறிய, மலிவான மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. விஸ்டாவைச் சுமக்க அதனால் ஆகாது. அதில் இருந்தது லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம். இப்படிப்பட்ட சிறு கணினிகள் சந்தையைப் பிடித்துவிடும் போலிருக்கவே, 2008இல் கடைகளிலிருந்து விலக்குவதாக இருந்த பழைய எக்ஸ்பியை, மலிவுக் கணினிகளுக்கு மட்டும் மேலும் சில காலம் கொடுக்க மைக்ரோசாப்ட் இசைந்தது. பழையது போதும் என்று சந்தையே சொன்ன தருணம் அது.

பின்னாளில் விற்பனையான மலிவு மடிக்கணினிகளில் மந்தத்துக்கு வேறு காரணங்கள் சேர்ந்தன. பலவற்றில் 4 ஜிகாபைட் நினைவகமும், சுழலும் தட்டு வகைச் சேமிப்பகமும் இருந்தன. நினைவகம் நிரம்பியதும் கணினி மிச்சத்தைத் தட்டில் எழுதி வைத்து, வேண்டும்போது தேடி எடுக்கிறது. தட்டின் முள் அங்குமிங்கும் ஓடித் தேடுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. வேறு சிலவற்றில் மொத்தச் சேமிப்பகமே 32 ஜிகாபைட். பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்தால் அதை இறக்கி வைக்கவே இடமில்லாமல், வெளியிலிருந்து நினைவுக் குச்சியைச் செருக வேண்டியிருந்தது. புதுக் கணினியை முதன்முதல் இணையத்தோடு இணைத்த உடனே, அது கடையில் கிடந்த காலத்துக்குரிய புதுப்பிப்புகள் எல்லாம் ஒன்றாக இறங்கத் தொடங்குகின்றன. முதல் நாள் ஆமை வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். வாங்கப் போகும் நேயர்கள் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்க்காமல், நினைவகம் 8 ஜிகாபைட்டாவது உண்டா, சேமிப்பகம் சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. வகைதானா என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மீதித் தொல்லை, கேளாமல் வரும் புதுப்பிப்பு. இது எப்படித் தொடங்கியது?

1995இல் விண்டோஸ் 95 வேண்டுமென்று மக்கள் நள்ளிரவில் கடை வாசலில் வரிசை பிடித்து நின்று வாங்கினார்கள். வேண்டியவர் வாங்கினார், வேண்டாதவர் பழையதையே வைத்துக்கொண்டார். இணையம் பரவிய பின்னர் நிலைமை மாறியது. 2003 ஜூலை 16இல் விண்டோசில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் ஒட்டுப் போட்டுக் கொடுத்தது. பெரும்பாலோர் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 11இல் பிளாஸ்டர் என்னும் புழு நிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் கணினிகளுக்குள் புகுந்தது. திரையில் அறுபது நொடி எண்ணப்படும். பிறகு கணினி தானாக அணைந்துவிடும். இந்த அனுபவத்துக்குப் பிறகு 2004இல் வந்த எக்ஸ்பியின் பெருந்திருத்தம், புதுப்பிப்புகள் தானாக இறங்கட்டும் என்று பயனரை வற்புறுத்தியது. நோய்த் தடுப்பூசி போன்ற நோக்கம்தான். அதில் நாம் குற்றம் காண மாட்டோம்.

குற்றம் பின்னால் வந்தது. விண்டோஸ் 10ஐ 2015 ஜூலை 29இல் வெளியிட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் 100 கோடிக் கருவிகளில் அது ஓட வேண்டும் என்று முன்னரே இலக்கு வைத்திருந்தார்கள். ஓராண்டுக்கு இலவசம் என்றார்கள். இலவசம் என்றதும் எல்லாரும் வந்துவிடவில்லை. விண்டோஸ் 7 நன்றாகத்தானே ஓடுகிறது என்று பலர் இருந்துவிட்டார்கள். உடனே, தடுப்பூசி செல்லும் அதே வழியாக இதையும் அனுப்பினார்கள். கேட்டாலும் கேளாவிட்டாலும் 3 முதல் 6 ஜிகாபைட் வரையிலான கோப்புகள் பலரது கணினிகளில் இறங்கின. கைத்தொலைபேசியில் முன்கட்டணம் கட்டி அளந்து இணையம் வாங்குபவர்களுக்கு இது எவ்வளவு பணம் என்று தோட்டத்து நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2016 மே மாதம் நடந்தது அதைவிட மோசம். திரையில் ஓர் அறிவிப்பு வரும்: இன்ன நாளில் உங்கள் கணினி விண்டோஸ் 10க்கு மாறும் என்று. வேண்டாம் என்று நினைப்பவர் மூலையிலுள்ள சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி மூடுவார். அந்தக் குறிக்கு 'மூடு' என்றுதான் அத்தனை ஆண்டும் பொருள். இப்போது மட்டும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்! கதவைச் சாத்தியவரைப் பார்த்து, உள்ளே வா என்றார் என்று சொல்வது போன்றது இது. கண்டனம் பெருகியதால் ஜூன் மாத இறுதியில் அதை மாற்றினார்கள். மைக்ரோசாப்டின் சந்தைப் பிரிவுத் தலைவர் கிறிஸ் கபோசெலா, அளவு மீறிப் போய்விட்டோம் என்று அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டார்.

அதற்குள் நடந்தவை பல. 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தொலைக்காட்சி ஒன்றில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தபோது, மழைப் படத்தின் மேலேயே 'விண்டோஸ் 10க்கு மாறுங்கள்' என்ற அறிவிப்பு வந்து நின்றது. கலிபோர்னியாவில் சிறிய பயண முகவர் நிலையம் நடத்திய ஒரு பெண்மணி, தாம் கேளாமலே தொடங்கிய மாற்றத்தால் கணினி மந்தமாகிப் பல நாள் தொழில் கெட்டது என்று வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவருக்கு 10,000 டாலர் தரச் சொன்னது. தவறு செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே நிறுவனம் மேல்முறையீட்டை விட்டுவிட்டுப் பணத்தைக் கட்டியது. ஒரு தனி ஆளாக நின்று அவர் பெற்ற தீர்ப்பு என்பதால் இதை நாம் பெரிதாகவே எண்ணுகிறோம்.

விண்டோஸ் 10க்கு மாறியவர்களுக்கோ, புதுப்பிப்பை மறுக்கும் உரிமையே வீட்டுப் பதிப்பில் இல்லாமற் போயிற்று. 2018 அக்டோபர் 2இல் வெளியான புதுப்பிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. நான்கு நாளில் அதை நிறுத்தி, நவம்பரில் திருத்தி வெளியிட்டார்கள். அழிந்த படங்களுக்கும் கணக்குகளுக்கும் யார் பொறுப்பு? 2019 மே மாதப் பதிப்பில்தான், வீட்டுப் பயனரும் புதுப்பிப்பை 35 நாள்வரை தள்ளிப்போட வழி வந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2017 மே 12இல் வான்னகிரை என்னும் புழு ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 19,000 நோயாளிச் சந்திப்புகள் வரை தடைப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அந்த ஓட்டைக்கு ஒட்டு மார்ச் 14இலேயே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, ஒட்டுப் போட வசதி இருந்தும் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள். புதுப்பிப்பைக் கண்டு சலித்துப்போய் அதை அடியோடு நிறுத்தி வைப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வேறு; வீட்டையே இடித்துக் கட்டுவது வேறு. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பியதுதான் அந்த நிறுவனம் செய்த பிழை. அதனால்தான் மக்கள் வண்டியையே நம்ப மறுத்தார்கள்.

2021இல் வந்த விண்டோஸ் 11 வேறு வகையில் கட்டாயம் செய்தது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2018ஐ ஒட்டியோ அதன் பின்னரோ வந்த செயலியும் இல்லாத கணினிகளை அது ஏற்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல வாசலிலேயே நிறுத்தப்பட்டன. பிறகு விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. முடிவதற்கு முன், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று ஓராண்டு நீட்டிப்பை அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம். அல்லது அமைப்பு விவரங்களை அவர்களுடைய இணையக் கிடங்கில் சேமிக்க இசைந்தால் இலவசம் என்றார்கள். ஐரோப்பாவில் பயனீட்டாளர் அமைப்புகள் இந்த நிபந்தனை முறையன்று என்று வாதாடின. 2025 செப்டம்பரில், ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்து நாடுகளில் கட்டணமும் வேண்டாம், கிடங்கில் சேமிக்கவும் வேண்டாம் என்று மைக்ரோசாப்ட் இறங்கி வந்தது. மற்ற நாட்டவருக்கு முந்தைய நிபந்தனைகளே நின்றன.