ரபியின் படிக்கட்டு

சீரான காந்தப்புலத்துள் நுழையும் எலக்ட்ரான் வட்டமாகச் சுழலும் என்பது பழைய இயற்பியலும் அறிந்த செய்தி. அச்சுழற்சியின் ஆற்றல் விரும்பிய அளவையெல்லாம் ஏற்காது, படிக்கட்டின் படிகளைப் போல இடைவெளி விட்ட மட்டங்களில் மட்டுமே நிற்கும் என்பது குவாண்டம் இயற்பியல் கண்ட புதுமை. லெவ் லாண்டவ் உலோகங்களின் காந்த இயல்பைப் பற்றி 1930இல் எழுதிய கட்டுரையை ஒட்டி இம்மட்டங்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்பே, பால் டிராக் தம் சார்பியல் சமன்பாட்டை வெளியிட்ட அதே 1928இல், அமெரிக்காவிலிருந்து ஆய்வுக்காக ஐரோப்பா வந்திருந்த ஐசிடோர் ரபி, அச்சமன்பாட்டைக் காந்தப்புலத்தில் உள்ள எலக்ட்ரானுக்குத் தீர்த்து, லாண்டவின் கணக்கைவிடக் கடினமான கணக்கின் விடையை ஜெர்மன் மொழியில் அச்சேற்றியிருந்தார். அவர் பெயர் இங்கே மறக்கப்பட்டது நியாயமன்று.

லாண்டவின் படிகள் சம உயரம் கொண்டவை. ரபியின் விடையிலோ ஆற்றலின் வர்க்கம், துகள் அசையாதிருக்கும்போதே கொண்டிருக்கும் ஓய்வு ஆற்றலின் வர்க்கத்தோடு, படி எண்ணையும் புலத்தின் வலிமையையும் பெருக்கி வரும் உறுப்பைக் கூட்டியதாக அமைகிறது. ஆகவே மேலே ஏற ஏறப் படிகள் நெருங்குகின்றன. அடிப்படியோ புலம் எவ்வளவு வலுத்தாலும் அசைவதில்லை, ஏனெனில் அங்கே சுழற்சியின் ஆற்றலை எலக்ட்ரானின் தற்சுழற்சி தரும் காந்த ஆற்றல் முற்றிலும் ஈடுசெய்துவிடுகிறது. இக்கணக்கின் அழகெல்லாம் அந்த அசையாத படியில்தான் இருக்கிறது.

ஆயினும் எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 5,11,000 எலக்ட்ரான்வோல்ட். 10 டெஸ்லா புலம் தரும் படியின் உயரமோ ஓர் எலக்ட்ரான்வோல்ட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்பெரும் பாறையின் மேல் வைத்த சிறு கூழாங்கல்லில் வர்க்கமூலத்தின் வளைவு தெரிவதில்லை. படிகள் சமமாகவே தோன்றும். வளைவு வெளிப்பட வேண்டுமானால் புலம் 440 கோடி டெஸ்லாவை நெருங்க வேண்டும். அத்தகைய புலம் சில நியூட்ரான் விண்மீன்களில்தான் உண்டு. ரபியும் மூலக்கூற்றுக் கற்றை ஆய்வுகளுக்குத் திரும்பி, 1944இல் அணுக்கருக்களின் காந்த இயல்பை அளந்ததற்காக நோபல் பரிசு பெற்றார்.

அவ்வளைவை ஆய்வகத்திலேயே காணும் வழி பென்சில் கரியிலிருந்து பிறந்தது. கிராஃபைட்டின் ஓரணுத் தடிப்புள்ள ஏடான கிராஃபீனில், எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் 300இல் ஒரு பங்கு வேகத்தோடு, ஓய்வு நிறையே அற்றவை போல ஓடுகின்றன. பாறை நீங்கியதும் வர்க்கமூலம் தனித்து நிற்கிறது. இயற்பியலாளர் மெக்லூர் 1956இலேயே இதைக் கணித்திருந்தார். ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்தந்தீன் நவோசெலவும் மான்செஸ்டரில் அந்த ஏட்டை 2004இல் பிரித்தெடுத்தபின், 2005இல் அவர்களது குழுவும் நியூயார்க்கில் பிலிப் கிம்மின் குழுவும் அசையாத அடிப்படி உட்பட அப்படிக்கட்டின் தடயங்களை மின் அளவீடுகளில் கண்டன. 10 டெஸ்லாவில் முதற்படியின் உயரம் இங்கே 0.1 எலக்ட்ரான்வோல்ட்டையும் தாண்டுவதால், 2007இல் அறை வெப்பநிலையிலேயே அதன் விளைவைக் காண முடிந்தது.

காந்தப்புலத்தோடு நில்லாமல், டிராக்கின் சமன்பாட்டை வளைந்த காலவெளிக்கு, அதாவது ஈர்ப்பினால் வடிவம் மாறிய வெளிக்கும் காலத்துக்கும், இயற்பியலாளர் ஃபோக்கும் கணிதவியலாளர் வைலும் 1929இலேயே விரித்திருந்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் 1976இல் சுழலும் கருந்துளையின் சூழலில் அதைத் தீர்த்துக் காட்டினார். காந்தப்புலமும் வளைவும் இக்கணக்குகளில் உறவினர் போலவே நடந்துகொள்கின்றன. அவ்வுறவு கிராஃபீனிலும் தெரிந்தது: 2010இல் பிளாட்டினத்தின் மேல் கொப்புளமாக எழும்பி இழுபட்ட கிராஃபீனை ஆராய்ந்தவர்கள், 300 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில் தோன்ற வேண்டிய அதே படிகளை, காந்தம் எதுவுமின்றிக் கண்டார்கள்.