திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா: பெயரும் பழமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த திருவில்லிபுத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய சிறப்பால் வைணவ உலகம் போற்றும் பதியாகும். அதற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் இராசபாளையம் உள்ளது. இவ்வழியே செல்வோர் தவறாது வாங்கிச் செல்லும் பொருள் பால்கோவா. 2019-20ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டாள் பிறந்த ஊரின் இனிப்பாதலின், ஆண்டாள் காலந்தொட்டே இது வழங்கி வருவது போன்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. அவ்வெண்ணத்துக்குச் சான்று உண்டா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இலக்கியச் சான்று

பாலும் பால்படு பொருளும் தமிழர் வாழ்வில் பெற்ற இடம் மிகப் பழமையானது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள் மோர் விற்று உணவு பெறுகிறாள்; நெய்க்கு விலையாகப் பொன்னை ஏலாது எருமையும் ஆவும் நாகும் பெறுகிறாள். முல்லைநிலத்துப் பொருளியலை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. குறுந்தொகைத் தலைவி முற்றிய தயிரைத் தன் கையாற் பிசைந்து புளிப்பாகு சமைக்கிறாள்.

ஆழ்வார் பாடல்களில் இம்மரபு மேலும் விரிகிறது. நோன்பு நோற்கும் மகளிர் நெய்யும் பாலும் விலக்குவதைத் திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்திலும், நோன்பு முற்றியபின் நெய் பெய்த பாற்சோறு உண்பதை இருபத்தேழாம் பாசுரத்திலும் காண்கிறோம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் திருமாலிருஞ்சோலை இறைவனுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்கின்றார். அந்நேர்த்தியைப் பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. பெரியாழ்வாரோ, அக்காரத்தைப் பாலிற் கலந்து சிற்றுண்டி சுட்டு வைத்திருப்பதாகக் கண்ணனிடம் யசோதை கூறுமாறு பாடியுள்ளார்.

எனவே, பாலையும் இனிப்பையும் கூட்டி உண்ணும் வழக்கம் ஆழ்வார் காலத்தே இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், பாற்சோறும் அக்காரவடிசிலும் அரிசியோடு கூடியவை. யசோதை கூறும் சிற்றுண்டி சுடப்படுவது. பாலை மட்டும் நீர் வற்றக் காய்ச்சித் திரட்டிய இனிப்பு இவ்விடங்களில் யாண்டும் கூறப்படவில்லை. நூல் கூறாமையே ஒரு பொருள் இல்லாமைக்குச் சான்றாகிவிடாது என்பது உண்மையே. அவ்வாறே, அது கூறாத ஒன்றை அந்நூலின் பெயரால் நிறுவுதலும் முறையன்று.

2. சொற்சான்று

பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் ஆகியன தமிழ்ச் சொற்கள். ‘கோவா’ அவ்வாறன்று. இந்தியில் ‘கோயா’ எனவும் மராத்தியில் ‘கவா’ எனவும் வழங்கும் சொல்லோடு தொடர்புடையது. சுண்டக் காய்ச்சிய பாலையே அச்சொல் குறிக்கும். அங்ஙனமாயின் ‘பால்கோவா’ என்பதில் பால் என்னும் அடை மிகை. வேற்றுமொழிச் சொல்லின் பொருள் கேட்போர்க்கு விளங்காதவிடத்துத் தம் சொல் ஒன்றை முன்னே சேர்த்து வழங்குதல் மக்கள் இயல்பு. ஆகவே, இப்பெயர் வடபுலத் தொடர்பால் வந்தது என்க.

இதற்கு ஒத்த தமிழ்ப்பெயர் திரட்டுப்பால். ஈண்டு வல்லினம் மிக்கு வருதலின் இது வினைத்தொகை அன்று. ‘திரட்டு’ பெயராய் நின்று புணர்ந்தது. மணவீடுகளிலும் பிற மங்கல நிகழ்ச்சிகளிலும் இன்றும் இடம்பெறும் இத்திரட்டுப்பால் வீட்டுப் பண்டம், பால்கோவாவோ கடைப்பண்டம். பெயர் வேறுபாட்டோடு வழங்கும் இடமும் வேறுபடுதல் கருதத்தக்கது. பெயர் வந்தது என்பதனால் செய்முறையும் உடன்வந்தது எனத் துணிதல் கூடாது. மேலும், கடன்சொல் என்பது இழிவன்று. ஆண்டாள் வழங்கிய ‘அக்காரம்’ என்னும் சொல்லையே வடமொழிச் ‘சர்க்கரா’வோடு தொடர்புடையதாகக் கூறுவர்.

3. தொழிலும் வாணிகமும்

பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். பத்து லிட்டர் பாலில் நீர் நீங்கலாக எஞ்சுவது ஏறத்தாழ 1¼ கிலோகிராம் மட்டுமே. அந்நீரை வற்றச் செய்தலே இத்தொழிலின் சாரம். அகன்ற இரும்புச் சட்டியில், விறகுத் தீயில், அடிபிடியாவண்ணம் கை ஓயாது கிளறுதல் வேண்டும். சர்க்கரை சேரும் பதத்தையும் இறக்கும் பதத்தையும் கண்ணும் கையுமே அறியும். கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கமும் தனியாரும் இதனைச் செய்துவருகின்றனர்.

நாள்தோறும் செய்யப்படும் பண்டத்துக்கு நாள்தோறும் வாங்குவோர் வேண்டும். 1927இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை இவ்விரு ஊர்களையும் இணைத்தது. 1936இல் இராசபாளையத்தில் நூற்பாலை தோன்றியது. திருவிழாக் கூட்டத்தோடு இத்தகைய போக்குவரவும் கூலி வருவாயும் சேர்ந்தே இனிப்பு வாணிகம் வளர இடம் தந்தன எனக் கருதலாம். இஃது ஊகமே, ஆயினும் ஆராயத்தக்க ஊகம்.

4. ஓர் ஒப்புமை

சமயநிலையத்தின் பழமையை உள்ளூர்த் தொழிலோடு இணைத்தெண்ணுதல் நம் நாட்டுக்கே உரியதன்று. அயர்லாந்து நாட்டுக் கில்கென்னி என்னும் சிறுநகரில் 1710இல் தொடங்கியதாகக் கூறப்பெறும் சுமிதிக் மதுவாலை, பிரான்சிசு துறவியரின் பதின்மூன்றாம் நூற்றாண்டு மடம் இருந்த இடத்தில் அமைந்தது. துறவியர் அங்கு மது வடித்த மரபின் தொடர்ச்சியாகத் தன்னை அது கூறிக்கொண்டது. 2013இல் அவ்வாலை மூடப்பட, வடிப்புத்தொழில் தலைநகர் தப்ளினுக்குச் சென்றது. இன்று கில்கென்னியில் எஞ்சியது அவ்வரலாற்றைக் காட்டும் காட்சியகமே. பழமைப் புகழ் தொழிலை ஊரில் நிறுத்தவில்லை என்பது நாம் கொள்ளத்தக்க பாடம்.

5. முடிபு

இயற்றப்பட்ட 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் கிடைக்கும் புவிசார் குறியீடு, ஒரு பொருளின் தன்மைக்கும் அது தோன்றும் இடத்துக்கும் உள்ள தொடர்பையே காப்பது. அதனைப் பெற ஆண்டாள் காலத்துப் பழமை வேண்டுவதில்லை. பால்மரபு பழையது, பால்கோவா என்னும் பெயரும் கடைத்தொழிலும் பிற்பட்டன என்பதே கிடைக்கும் சான்றுகளால் பெறப்படும் முடிபு. இம்முடிபால் ஊருக்குச் சிறுமை இல்லை. மாறாக, அனைத்தையும் ஆழ்வார் காலத்துக்கு ஏற்றிவிடின், மாடு பேணியோரும் பால் கறந்தோரும் அடுப்பின் வெம்மையில் நின்று கிளறியோரும் வரலாற்றினின்று மறைந்துபோவர்.

எனவே, முதுகலை மாணவர் பாசுரங்களோடு நில்லாது பட்டறைக்கும் செல்லுதல் வேண்டும். பதங்களுக்கும் கருவிகளுக்கும் தொழிலாளர் வழங்கும் சொற்களையும், பழைய கணக்கேடுகளையும், முதியோர் நினைவுகளையும் தொகுத்தல் வேண்டும். விறகடுப்பு அவிந்தபின் அச்சொற்களைக் கேட்க ஆளிரார்.