வெள்ளை ரத்தமும் காய்ச்சக் கட்டியும்

திருமானூர்ப் பக்கத்தில் இடது விலாவுக்குக் கீழே வயிறு கெட்டிப்பட்டிருந்தால், என் அப்பாயி தலைமுறையில் அதற்குக் காய்ச்சக் கட்டி என்று ஒரே பெயர்தான். விட்டு விட்டுக் குளிர் காய்ச்சல் வந்து மண்ணீரல் வீங்குவது அன்றைக்கு யாருக்கும் புதிதல்ல. திருமழபாடி வைத்தியநாதரிடம் வேண்டிக்கொள்வார்கள், ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொள்வார்கள், அதற்கும் அடங்காவிட்டால் கொள்ளிடப் பாலம் தாண்டித் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே வருகிற ரத்தத்தை ஸ்லைடில் இழுத்துச் சாயம் போட்டுப் பார்ப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் பிழைப்பு. காய்ச்சக் கட்டி என்று வந்தவர்களில் சிலருக்கு இருந்தது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். புற்றுநோய் என்று அழுதுகொண்டு வந்தவர்களில் பலருக்கு இருந்தது வேறு ஏதோ. இது எது, அது எது என்று பிரித்துச் சொல்லும் இந்தத் தொழிலுக்கு நூற்றெழுபது வருடத்துக்கு மேல் வயதாகிறது. அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

கதை 1845இல் தொடங்குகிறது. எடின்பரோவில் ஜான் ஹ்யூஸ் பென்னட் என்ற மருத்துவர், கூரை வேயும் தொழிலாளி ஒருவரின் பிரேதத்தை அறுத்துப் பார்த்தார். இறந்தவருக்கு 28 வயது; வயிற்றின் இடப்பக்கம் பெரிய கட்டி; ரத்தம் வெளிறிக் கெட்டியாகக் கிடந்தது. ரத்தம் சீழ் பிடித்துவிட்டது என்று பென்னட் எழுதினார். அதே வருடக் கடைசியில் பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ, சமையல் வேலை செய்த ஐம்பது வயதுப் பெண்மணியிடம் இதையே கண்டார். விர்ஷோவுக்கு அப்போது வயது 24. அவர் சொன்னது: இது சீழ் அல்ல, ரத்தத்தில் வழக்கமாக இருக்கும் வெள்ளை அணுக்களேதான், அளவு மீறிப் பெருகியிருக்கின்றன. யார் முதல் என்று இருவரும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். என் கட்சி விர்ஷோதான். நோயைப் பார்த்தது பென்னட்டாகவே இருக்கட்டும். அதை அதன் சாயலில் இருந்த இன்னொன்றிலிருந்து பிரித்தது விர்ஷோ. பிறகு இந்த நோயையே மண்ணீரல் வீங்கும் வகை, நெறி கட்டும் வகை என்று இரண்டாக்கியவரும் அவர்தான்.

அவர்கள் காலத்தில் சாயம் கிடையாது. எல்லா வெள்ளை அணுவும் நிறமில்லாத உருண்டைதான். 1870களின் கடைசியில் பால் எர்லிச் துணிச் சாயங்களை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தபோதுதான் அணுக்களுக்குள் இருந்த பொடிகள் நிறம் நிறமாகப் பிரிந்து தெரிந்தன. 1901இல் லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவர் சொன்ன சாயம்தான் இன்றும் நம் லேப்களில். காய்ந்த ஸ்லைடை இரண்டு கம்பிமேல் படுக்க வைத்து, சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் விடவேண்டும். அப்புறம் அதற்கு இரண்டு பங்கு பஃபர் தண்ணீரை விட்டு மெல்ல ஊதிக் கலக்கினால், மேலே பச்சையும் ஊதாவுமாக மினுக்கும் ஓர் ஏடு படியும். அந்த ஏட்டைச் சாய்த்துக் கொட்டக் கூடாது, தண்ணீர் விட்டு மிதக்கவைத்து ஓட்டவேண்டும். இல்லையென்றால் அது அணுக்களின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்தச் சாயத்தை வைத்துத்தான் லீஷ்மன், கல்கத்தா டம்டம்மில் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் புதுவிதமான சிறு உருவங்களைக் கண்டார். அவர் அதை வெளியிட்ட 1903ஆம் வருடமே, சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் அதே உருவங்களை நம் நோயாளிகளின் மண்ணீரலில் கண்டுபிடித்தார். அதுவரை மலேரியாக் கணக்கில் எழுதப்பட்டு வந்த பெரிய மண்ணீரல்களில் ஒரு பகுதி, இந்த உருவங்கள் உண்டாக்கும் காலா அசார் என்று தனியாகப் பிரிந்தது. காலா அசாரில் வெள்ளை அணு குறையும். விர்ஷோ சொன்ன மண்ணீரல் வீங்கும் வகையான நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் லட்சத்தைத் தாண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்; ஒரு சொட்டு ரத்தத்தில் வேறாகிவிடும்.

ஆனால் எண்ணிக்கை கூடியதெல்லாம் புற்றுநோயும் அல்ல. கடும் சீழ்த்தொற்றிலும் சில காசநோயாளிகளிடமும் கவுண்ட் ஐம்பதாயிரம்வரை ஏறி மிரட்டும். மைலாய்டு புற்றுநோயின் ஸ்மியர், அதாவது ஸ்லைடில் இழுத்த ரத்தம், கல்யாணப் பந்திபோல. கைக்குழந்தை முதல் கிழவர்வரை எல்லா வயது அணுவும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கூடவே கருநீலப் பொடி நிறைந்த பேசோபில் அணுக்கள் வழக்கத்துக்கு மேல் தென்படும். தொற்றில் அந்தப் பேசோபில் கூட்டம் இருக்காது. சந்தேகம் தீராவிட்டால் அணுக்களுக்குள் அல்கலைன் பாஸ்படேஸ் எவ்வளவு என்று சாயமிட்டுப் பார்ப்போம்: புற்றுநோயில் குறைவு, தொற்றில் அதிகம்.

நம் டெல்டாவுக்கென்று இன்னொரு சிக்கல், யானைக்கால் கிருமி. ஒருமுறை ஓர் ஆயா என் மேசை அருகே வந்து, “தம்பி, கவுண்டு கூடிப்போச்சாம், பெரிய வியாதின்னு சொல்றாங்க. அப்படி எதுவும் எழுதிக் குடுத்துடாதப்பா” என்றார். “ராத்திரியில இருமல் வருதா ஆயா?” என்று கேட்டேன். விடிய விடிய இருமலாம். ஸ்லைடில் முக்கால்வாசி, ஆரஞ்சுப் பொடி நிறைந்த ஈசினோபில். யானைக்கால் கிருமிக்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரையில் மூன்று வாரத்தில் அடங்கியது. மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமாட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் எழுதிய நோய்தான் இது. காசநோய்போலத் தோன்றும், ஆனால் காசநோய் அல்ல என்றார்கள். 1943இல் வைன்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல ஈசினோபிலியா என்று பெயர் வைத்தார்.

விர்ஷோ பிரித்த இன்னொரு ரத்தப் புற்றுநோயான நெறி கட்டும் வகை பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. கழுத்தில் உருண்டை தட்டினால் நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய்மேல்தான் போகும், அதில் தப்பில்லை. ஸ்மியரில் ஒரே அளவுச் சின்ன லிம்போசைட்டுகள் கூட்டமாகவும், இடையிடையே நசுங்கிய அணுக்களின் கறைகளாகவும் இருந்தால் சந்தேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதைப்போலவே தோன்றும் லிம்போமாக்களும் உண்டு; அணுக்களின் மேற்பரப்பு அடையாளங்களைப் படிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வந்தபிறகுதான் அவற்றை நம்பிக்கையோடு பிரிக்க முடிந்தது.

1951இல் அமெரிக்காவின் வில்லியம் டாமஷேக், மைலாய்டு புற்றுநோய், சிவப்பணு பெருகும் நோய், தட்டணு பெருகும் நோய், மஜ்ஜை நாராகும் நோய் எல்லாம் ஒரே குடும்பம் என்று எழுதினார். உறவு சொன்னார், சரி. உறவுக்குள் ஆளை அடையாளம் காண்பது எப்படி? 1960இல் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் மைலாய்டு புற்றுநோயில் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் துண்டு மாற்றிக்கொண்டதுதான் அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தில் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் மரபணு இருந்தால் இந்த நோய், இல்லாவிட்டால் குடும்பத்தில் வேறொருவர். கண்ணால் பார்த்துச் சொன்ன நாங்கள் அன்றோடு இரண்டாம் சாட்சி ஆனோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஏனென்றால் அந்த மரபணு செய்யும் புரதத்தை மட்டும் குறிவைத்த இமாட்டினிப் மாத்திரை 2001இல் வந்தது. அதற்கு முன் புசல்ஃபான் கொடுத்தால் கவுண்ட் இறங்கும். சில வருடங்களில் நோய் முற்றி ஆளைக் கொண்டுபோகும். இமாட்டினிப்போடு தொடங்கியவர்களில் 83 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்ததாக முதல் பெரிய ஆய்வு சொன்னது. ஆனால் அதைக் கொண்டுவந்த நோவார்டிஸ் கம்பெனியின் மாத்திரைக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. இந்தியக் கம்பெனிகள் பத்தாயிரத்துக்குள் தந்தன. நோவார்டிஸ் காப்புரிமை கேட்டு நடத்திய வழக்கு தொடங்கியதும் சென்னையில்தான். 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது, 2007இல் சென்னை உயர் நீதிமன்றம், பழைய மருந்தின் வெறும் மறுவடிவத்துக்குக் காப்புரிமை மறுக்கும் சட்டத்தின் 3(டி) பிரிவு செல்லும் என்றது, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது. அங்கேயும் கேள்வி எங்கள் மேசைக் கேள்விதான்: இது உண்மையில் புதியதா, பழையதன் சாயலா?

இப்போது மெஷின் ஒரு நிமிடத்தில் கவுண்ட் தருகிறது. 2022 முதல் எங்கள் மாவட்டத் தலைநகர் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வெள்ளை அணு கூடுதல் என்று சீட்டு வந்தால் பயந்துவிடாதீர்கள், மண்ணீரல் வீக்கம் என்றால் காய்ச்சக் கட்டி என்று விட்டும்விடாதீர்கள். “ஸ்மியர் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். மைலாய்டு புற்றுநோய் என்று சொன்னால், “பிசிஆர்-ஏபிஎல் பார்த்தாச்சா?” என்றும் கேளுங்கள்.